புளிப்பை இனிப்பாக்கும் மிராக்கிள் பழச்செடி: தொட்டியில் வளர்க்கத் தொடங்குபவர்களுக்கு

எலுமிச்சம்பழத்தை நான்காக அறுத்து வைத்திருந்தேன். ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, தோல் வரை சப்பிவிட்டு, "இன்னொண்ணு கொடு சித்தி" என்று கையை நீட்டினாள் என் அக்கா மகள். முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லை. ஐந்து நிமிடத்துக்கு முன்பு அவள் தின்றது என் மாடித் தோட்டத்தில் பறித்த ஒரு சிவப்புப் பழம். காப்பிக்கொட்டைப் பழத்தைவிடச் சற்று நீளம், அவ்வளவுதான்.

நெல்லிக்காயைத் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்கும் என்பது நமக்கெல்லாம் சின்ன வயதிலிருந்தே தெரியும். இந்தப் பழம் செய்வது அதைவிடப் பெரிய வேலை. இதன் சதையில் மிராக்குலின் என்ற புரதம் இருக்கிறது. அது நாக்கில் இனிப்பை உணரும் இடங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. புளிப்பு நாக்கில் பட்டதும் அந்தப் புரதம் இனிப்பு உணர்வைத் தூண்டிவிடும். அரை மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை எலுமிச்சை, புளி, மோர் எல்லாம் இனிக்கும். புளிப்பே இல்லாத பண்டத்தில் பெரிய மாற்றம் தெரியாது.

நர்சரிகளில் இதை 'மிராக்கிள் ஃப்ரூட்' என்றுதான் விற்கிறார்கள். சிலர் 'அதிசயப் பழம்' என்று எழுதி வைக்கிறார்கள். பிறந்த இடம் மேற்கு ஆப்பிரிக்கா. கானா, பெனின், நைஜீரியா பக்கத்துக் காடுகளில் தானாக வளரும் புதர். நைஜீரியாவின் யொரூபா மக்கள் 'அக்பாயுன்' என்கிறார்கள். புளித்த பனங்கள்ளும் புளிக்கவைத்த மக்காச்சோள மாவுப் பண்டமும் சாப்பிடுவதற்கு முன் அங்குள்ளவர்கள் இதை மெல்வார்கள். 1725 வாக்கில் அந்தக் கரைக்குப் போன பிரெஞ்சுக்காரர் தே மார்ஷே இதைக் குறித்து வைத்தார். 1852-இல் டேனியல் என்ற ஆங்கிலேய மருத்துவர் விரிவாக எழுதினார். பழத்துக்குள் இருப்பது புரதம்தான் என்பதை 1968-இல் குரிஹாரா, பைட்லர் என்ற இருவர் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

இன்னொரு செய்தி எனக்கு மிகவும் பிடித்தது. இந்தச் செடி நம் சப்போட்டாவின் குடும்பம். மகிழமரம், இலுப்பை எல்லாம் அதே குடும்பம்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று சொல்லி வைத்தார்களே, அந்த இலுப்பைக்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் பங்காளி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் சப்போட்டா மாதிரி இது எதையும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் அப்படி நினைத்துத்தான் முதல் செடியை இழந்தேன்.

முதல் செடி ஏன் செத்தது

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் வீடு. போர்வெல் தண்ணீர்தான். கத்தரி, வெண்டை, மல்லிகை, முருங்கை எல்லாம் அதில் நன்றாகவே வருகின்றன. அதனால் தண்ணீரைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. நர்சரியில் ஒரு சாண் உயரச் செடி வாங்கினேன். "வெயில் படற இடமா வைங்க, மண்புழு உரம் போடுங்க" என்றார்கள். செம்மண், மண்புழு உரம், ஆற்று மணல் சம அளவில் கலந்து வைத்தேன். மற்ற தொட்டிகளுக்குப் போடுவது போலவே மாதம் ஒரு முறை முட்டை ஓட்டுத் தூளும் போட்டேன்.

மூன்றாம் மாதம் புதிதாக வந்த இலைகள் வெளிறின. இலையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நரம்புகள் மட்டும் பச்சையாக, வலை பின்னியது போல இருந்தன. நடுவில் உள்ள பகுதியெல்லாம் மஞ்சள். பசி போலிருக்கிறது என்று இன்னும் உரம் போட்டேன். அடுத்து வந்த தளிர் கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தது. பிறகு இலை நுனிகள் பழுப்பாகக் கருகி, ஐந்தாம் மாதம் செடி போய்விட்டது.

அந்த மஞ்சளுக்குக் காரணம் உரக்குறைவு இல்லை. இந்தச் செடி அமிலத் தன்மையுள்ள மண்ணில் வளர்ந்து பழகியது. அமிலமா, அதற்கு எதிரான காரமா என்று காட்டும் எண்தான் பிஎச்; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். பிஎச் அளவு 4.5 முதல் 5.8 வரை இருக்கும் மண்தான் அதற்குப் பிடிக்கும். நம் போர்வெல் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. குளியலறைக் குழாயில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான். ஒவ்வொரு நாளும் அதை ஊற்ற ஊற்ற, தொட்டி மண் காரமாக மாறிக்கொண்டே போகும். மண் காரமானால் அதில் இரும்பு இருந்தாலும் வேர் எடுக்க முடியாது. முட்டை ஓடும் சுண்ணாம்பு. நானே கையால் அள்ளிப் போட்டிருக்கிறேன்.

அதனால் இந்தக் கட்டுரையில் தண்ணீருக்குத்தான் அதிக இடம் கொடுக்கப் போகிறேன். மண்ணைச் சரியாகக் கலந்து வைத்த எத்தனையோ பேர் தண்ணீரால்தான் செடியை இழக்கிறார்கள். செடி வாங்குவதற்கு முன்பே தண்ணீருக்கு வழி செய்துவிட வேண்டும்.

முதல் வேலை: தண்ணீர்

வண்ண மீன் விற்கும் கடைக்குப் போய் பிஎச் சோதனைச் சொட்டு மருந்து கேளுங்கள். சின்னக் குப்பியில் தண்ணீரை எடுத்து மூன்று சொட்டு விட்டால் நிறம் மாறும். நீலம் வந்தால் காரம், பச்சை வந்தால் நடுநிலை, மஞ்சள் வந்தால் 6 அல்லது அதற்குக் கீழே. நமக்கு வேண்டியது மஞ்சள். எங்கள் போர்வெல் தண்ணீர் நல்ல நீலம் காட்டியது.

உங்கள் வீட்டில் கிடைக்கக்கூடிய தண்ணீர்களை இப்படி வரிசைப்படுத்துவேன்.

எல்லாவற்றிலும் சிறந்தது மழைநீர். சென்னைப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து மூடிய டிரம்மில் வைத்துக்கொண்டால் ஒன்றிரண்டு செடிக்குப் பல மாதம் வரும். இங்கே ஒரு விஷயம் கவனியுங்கள். பழைய வீடுகளின் மொட்டைமாடியில் சுண்ணாம்பு கலந்த சுருக்கி, அதாவது செங்கல் தூள் காரை, போட்டிருப்பார்கள். அதில் ஓடி வரும் மழைநீர் சுண்ணாம்பைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டுதான் வரும். சிமென்ட் தொட்டியில் சேமித்தாலும் அதே கதை. தகரக் கூரையிலிருந்தோ, நான்கு மூலையையும் கட்டிய பிளாஸ்டிக் விரிப்பிலிருந்தோ நேராக பிளாஸ்டிக் டிரம்மில் பிடியுங்கள். கொசு வராமல் வாயைத் துணியால் கட்டுங்கள்.

அடுத்தது ஏசி தண்ணீர். காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்து சொட்டுவதால் அதில் உப்பு கிடையாது. கடலோர ஊர்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் ஒரு இரவுக்கு ஒரு வாளி தாராளமாகச் சேரும். கோடையில், மழைநீர் தீர்ந்துபோகும் நேரத்தில்தான் ஏசி அதிகம் ஓடும் என்பது நமக்கு வசதி. ஏசியை சர்வீஸ் செய்த நாளிலும் மறுநாளும் வரும் தண்ணீரை மட்டும் கீழே விட்டுவிடுங்கள். சுத்தம் செய்யும் திரவம் கலந்திருக்கும்.

ஆர்.ஓ. கருவியிலிருந்து குடிக்க வரும் நல்ல தண்ணீரும் சரிதான். ஆனால் அதே கருவி வெளியே தள்ளும் கழிவு நீரை இந்தச் செடியின் பக்கமே கொண்டு போகாதீர்கள். போர்வெல்லில் இருந்த உப்பெல்லாம் அதில் இரட்டிப்பாக இருக்கும்.

வேறு வழியே இல்லை, போர்வெல்தான் என்றால் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம், கைகொடுக்கும். மளிகைக் கடையிலேயே கிடைக்கும். 10 லிட்டர் வாளியில் கால் தேக்கரண்டி போட்டுக் கரைத்து, சொட்டு மருந்தால் சோதித்து, மஞ்சள் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். எங்கள் தண்ணீருக்குக் கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி பிடித்தது. இது அவசரத்துக்கான வழி மட்டும்தான். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சிட்ரிக் அமிலத்தைத் தின்றுவிடும், சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடும். ஊருக்குப் போகிறோம், பத்து நாள் பக்கத்து வீட்டுக்காரர் ஊற்றப் போகிறார் என்கிற மாதிரி நேரத்துக்குச் சரி. வருடம் முழுக்க அப்படி ஓட்ட முடியாது.

யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல் மேல் இருப்பதால் கிணற்று நீரில் சுண்ணாம்பு மிக அதிகம். அங்கே மழைநீர் இல்லாமல் இந்தச் செடியைத் தொடவே வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் செம்பாறாங்கல் மண்ணும் நல்ல மழையும் உள்ள இடங்களில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் நேராகத் தரையிலேயே நடலாம்.

செடியைப் பார்த்து வாங்குவது

பெயர்ப் பலகையை மட்டும் நம்பி வாங்காதீர்கள். இலை அடியில் ஒடுங்கி, நுனிப்பக்கம் அகன்றிருக்கும். விரல் நீளம், பளபளப்பு, ஓரத்தில் பல் கிடையாது. முக்கியமான அடையாளம், இலைகள் கிளை நுனியில் கொத்தாகக் கூடி நிற்பது. சப்போட்டாக் கிளையின் நுனியை நினைத்துக்கொள்ளுங்கள், அதே சாயல் தெரியும்.

விதையில் வந்த செடி காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும். வளர்ச்சி அவ்வளவு மெதுவு. அதனால் விலையெல்லாம் உயரத்தைப் பார்த்துத்தான். கையில் காசு இருந்தால், முழங்கால் உயரத்தில் ஏற்கெனவே பூ விட்டிருக்கும் செடியாக வாங்குங்கள் என்பேன். விரல் உயர நாற்றை வாங்கி வளர்ப்பதில் தவறில்லை, ஆனால் புதியவர்களுக்குப் பொறுமை போய்விடுகிறது. எப்படியானாலும் கடைசியாக வந்த தளிரைப் பாருங்கள். தளிர் மஞ்சளாக இருந்தால் அந்த நர்சரியின் தண்ணீரே காரம் என்று அர்த்தம், வேண்டாம். நுனி கருகியிருந்தால் உப்பு ஏறியிருக்கிறது, அதுவும் வேண்டாம்.

வாங்கி வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள். இரண்டு வாரம் நிழலில் அதே பையில் இருக்கட்டும்.

மண் கலவை

தேங்காய்நார்த் தூள் ஐந்து பங்கு, செம்மண் இரண்டு பங்கு, மட்கிய இலை இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு. நான் இப்போது பயன்படுத்துவது இதுதான்.

நார்த்தூள் கட்டியை நேராகப் போடக்கூடாது. ஊறவைத்துப் பிழிந்து, மூன்று முறையாவது தண்ணீர் மாற்றி அலசுங்கள். முதல் தடவை டீ டிகாஷன் மாதிரி தண்ணீர் வரும், அதில்தான் உப்பு. தண்ணீர் நிறம் வெளுத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். கரிசல் மண் கூடவே கூடாது. மண்புழு உரம் மற்ற செடிகளுக்கு அமிர்தம்தான், ஆனால் இந்தச் செடிக்கு மேலே ஒரு பிடி தூவினால் போதும், கலவையில் பங்காகச் சேர்க்க வேண்டாம்.

மணலுக்கு ஒரு சோதனை சொல்கிறேன். ஒரு கரண்டி மணலில் வினிகரை ஊற்றுங்கள். சுறுசுறுவென்று நுரைத்தால் அதில் கிளிஞ்சல் தூளோ சுண்ணாம்போ இருக்கிறது. கடற்கரைப் பக்கத்து மணலில் இது சகஜம். நுரைக்காத மணல்தான் நமக்கு. வீடு கட்டும் இடத்திலிருந்து அள்ளி வந்த மணலில் சிமென்ட் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் அதையும் சோதித்துவிடுங்கள்.

அடுப்புச் சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு, எலும்புத் தூள் நான்கும் வேண்டாம். வீட்டில் வேறு யாராவது நல்ல எண்ணத்தில் சாம்பலைத் தூவிவிடுவார்கள். அம்மாவிடம் நான் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன்.

தொட்டி பிளாஸ்டிக்கோ சுட்ட மண்ணோ இருக்கலாம். சிமென்ட் தொட்டி மட்டும் வேண்டாம், அதிலிருந்தே சுண்ணாம்பு இறங்கும். அளவும் முக்கியம். சாண் உயரச் செடியை ஒரேயடியாகப் பெரிய டிரம்மில் வைத்தால், வேர் போகாத பகுதியில் ஈரம் தேங்கி அழுகிவிடும். 6 அங்குலத் தொட்டி, அப்புறம் 8, அப்புறம் 12 என்று போங்கள். வேர் அடியில் எட்டிப் பார்க்கும்போதுதான் அடுத்த தொட்டி. தொட்டியில் கடைசிவரை மூன்று நான்கு அடிக்குள்தான் நிற்கும், ஆகவே 15 அங்குலத்துக்கு மேல் தேவைப்படாது.

இடமும் வெயிலும்

காட்டில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்த செடி இது. காலை வெயில் பத்து மணிவரை நேராகப் படலாம், பிறகு நிழல் வேண்டும். எங்கள் மாடியில் தண்ணீர் டேங்குக்குக் கிழக்கே வைத்திருக்கிறேன். மதியத்துக்கு மேல் டேங்கின் நிழல் விழுந்துவிடும். இடம் அப்படி அமையாவிட்டால் 50 சதவீதப் பச்சை நிழல்வலை கட்டுங்கள். அக்னி நட்சத்திரம் முடியும்வரை வலையைக் கழற்ற வேண்டாம்.

முழு நிழலில், ஹாலுக்குள் வைத்து அலங்காரச் செடியாக வளர்ப்பவர்களும் உண்டு. இலை அழகாக இருக்கும், பழம் வராது.

கோவை, மதுரை மாதிரி காற்று உலர்ந்த ஊர்களில் தொட்டியைச் சுற்றி நான்கைந்து பெரிய இலைச் செடிகளை நெருக்கி வையுங்கள். இலைக்கூட்டத்துக்குள் ஈரப்பதம் நிற்கும். ஊட்டி, கொடைக்கானல் குளிர் இதற்கு ஆகாது.

தண்ணீர் ஊற்றுவதும் உரமும்

மேல் மண்ணில் விரலை முதல் கணு வரை விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், காயத் தொடங்கியிருந்தால் ஊற்றுங்கள். ஊற்றும்போது அடித்துளை வழியாகக் கொஞ்சம் வெளியேறும் அளவுக்கு ஊற்றுங்கள், அப்போதுதான் சேர்ந்த உப்பு வெளியே போகும். அந்தத் தண்ணீரைத் தட்டில் தேங்க விடாதீர்கள். முழுசாகக் காயப் போட்டால் இலை சுருண்டு தொங்கும். ஒரு முறை அப்படி ஆனால் பெரும்பாலும் மீண்டுவிடும், அடிக்கடி ஆனால் கிளை காய்ந்துபோகும்.

உரம் கொஞ்சம்தான். மழைக்காலம் தவிர மற்ற மாதங்களில் மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஒரு லிட்டரில் 10 மில்லி பஞ்சகவ்யம் கலந்து வேரில் ஊற்றுகிறேன். ரசாயன உரம் போடுபவர்கள் அமோனியம் சல்பேட் கால் தேக்கரண்டியை இரண்டு லிட்டரில் கரைத்து மாதம் ஒரு முறை கொடுக்கலாம். அது மண்ணைச் சற்று அமிலமாக்கவும் செய்யும். மழைநீரும் ஏசி தண்ணீரும் ஊற்றும்போது அதில் சத்தே கிடையாது என்பதால், உரத்தை அடியோடு நிறுத்திவிடவும் கூடாது.

மண்ணின் அமிலத்தன்மையைக் காக்க உரக்கடையில் கந்தகத் தூள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 12 அங்குலத் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை, மேல் மண்ணில் கிளறிவிட்டால் போதும். மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள்தான் அதை அமிலமாக மாற்ற வேண்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும். இரண்டு நாளில் மாற்றம் தெரியவில்லை என்று மறுபடி அள்ளிப் போடாதீர்கள்.

காப்பிச் சக்கையும் டீத்தூளும் போட்டால் மண் அமிலமாகிவிடும் என்று பலரும் சொல்கிறார்கள். டிகாஷன் இறக்கிய பிறகு மிஞ்சும் சக்கையில் அமிலம் பெரிதாக இல்லை, அது தண்ணீரோடு போய்விட்டது. மட்கவைத்துப் போட்டால் நல்ல இயற்கை உரம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

இலை மஞ்சளானால்

மஞ்சள் எங்கே என்பதை முதலில் பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி உதிர்வது இயல்பு. நுனித் தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புக் குறைவு. உடனே செய்ய வேண்டியது, அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 2 கிராம், எலுமிச்சை உப்பு 1 கிராம், இரண்டையும் ஒரு லிட்டர் மழைநீரில் கரைத்து மாலை நேரத்தில் இலையில் தெளிப்பது. பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை போதும். தரையில் சொட்டினால் துருக்கறை விழும், தொட்டியைத் தள்ளி வைத்துத் தெளியுங்கள். உரக்கடையில் இரும்பு சீலேட் (வேர் எளிதாக எடுத்துக்கொள்ளும் வடிவில் உள்ள இரும்பு) கிடைத்தால் அதை வேரிலும் கொடுக்கலாம்.

தெளித்ததும் பச்சை திரும்பும், அதைப் பார்த்து நிம்மதியாகி விடக்கூடாது. தண்ணீரை மாற்றாவிட்டால் அடுத்த தளிர் மறுபடி மஞ்சள்தான். மண் ரொம்பவும் காரமாகிவிட்டது என்று தோன்றினால், தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு மழைநீரை மெதுவாக ஊற்றி மண்ணை அலசிவிடுங்கள். என் இரண்டாவது செடி ஒரு கோடையில் இப்படி மஞ்சளானபோது, அலசிவிட்டு ஏசி தண்ணீருக்கு மாற்றினேன். ஆறு வாரத்தில் வந்த தளிர் நல்ல பச்சையாக வந்தது. அதைப் பார்க்க மாடிக்கு ஒரு நாளைக்கு மூன்று தரம் ஏறினேன்.

பூச்சிகளில் தொல்லை தருவது மாவுப்பூச்சி. எறும்பு ஏறி இறங்கினால் இலைக்கொத்துக்குள் வெள்ளைப் பஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். கொஞ்சமாக இருந்தால் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தாலே போய்விடும். அதிகமானால் வேப்பெண்ணெய் 5 மில்லி, இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், ஒரு லிட்டர் தண்ணீர், வெயில் தாழ்ந்த பிறகு தெளியுங்கள்.

பூவும் பழமும்

பூ மிகச் சிறியது, வெளிர் நிறம், இலைக் காம்போடு ஒட்டி இருக்கும். முதல் வருடம் பூத்ததை நான் கவனிக்கவே இல்லை, மண்ணில் உதிர்ந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஒரே செடி தன் மகரந்தத்திலேயே காய்க்கும், ஜோடி தேவையில்லை. மாடியில் காற்று குறைவாக இருந்தால் பூக்கும் நாட்களில் கிளையை மெல்ல அசைத்து விடுங்கள். முதல் பூக்கள் நிறைய உதிரும், அதற்காக உரத்தைக் கூட்ட வேண்டாம். செடி நிலைத்துவிட்டால் வருடத்தில் இரண்டு பருவமாவது பழம் தரும், மழைக்காலம் முடிந்த பிறகு நன்றாக வரும்.

காய் பச்சையாக இருந்து ஒரேயடியாகச் சிவக்கும். சிவந்த மறுநாள் பறியுங்கள், அதற்கு மேல் விட்டால் அணிலும் கொண்டைக்குருவியும் முந்திவிடும். பழைய கொசுவலையில் சின்னப் பை தைத்துக் கிளைக்குப் போட்டுவிடுகிறேன்.

சாப்பிடும் முறை உண்டு. பழத்தைக் கடித்து விழுங்கிவிட்டால் பயனில்லை. வாயில் போட்டு, மெல்லிய சதையைக் கொட்டையிலிருந்து நாக்காலேயே பிரித்து, ஒரு நிமிடம் நாக்கு முழுவதும் படும்படி உருட்ட வேண்டும். அதற்கென்று பெரிய ருசி ஒன்றும் கிடையாது, லேசான இனிப்புதான். கொட்டையை வெளியே எடுத்துவிட்டு அப்புறம் எலுமிச்சையைத் தொடுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் மட்டும் வேண்டாம். என் அப்பா பழத்தைத் தின்ற கையோடு ரசம் சாதத்துக்கு உட்கார்ந்தார். முதல் வாய் வைத்ததும் தட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். மிளகும் சீரகமும் போட்ட பாயசம் போல இருக்கிறது என்றார். அன்றைக்கு அவரால் சாப்பிடவே முடியவில்லை.

பறித்த பழம் வெளியே இரண்டு மூன்று நாள்தான். பிறகு அந்தத் தன்மை போய்விடும். அதிகமாக வந்தால் கொட்டையை நீக்கிச் சதையை உறைபெட்டியில் வையுங்கள். சமைத்தால் பயன் இல்லை, சூட்டில் அந்தப் புரதம் கெட்டுவிடும்.

இதைச் சர்க்கரை நோய் மருந்து என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். நம்ப வேண்டாம். சர்க்கரை சேர்க்காமல் இனிப்பை உணர முடிகிறது, அவ்வளவுதான், ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இது குறைக்கும் என்று வைத்துக்கொண்டு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சட்டரீதியாகவும் இதன் பயணம் சுலபமாக இருக்கவில்லை. அமெரிக்காவில் இதை இனிப்புப் பொருளாகச் சந்தைக்குக் கொண்டுவர நடந்த முயற்சிக்கு 1974-இல் அங்குள்ள உணவு மருந்து நிர்வாகம் இடம் கொடுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் உலர்த்திய பழத்தை 2021-இல்தான் அனுமதித்தது. இன்னொன்று, நாக்குக்கு இனித்தாலும் எலுமிச்சை வயிற்றுக்கும் பல்லுக்கும் எலுமிச்சைதான். இனிக்கிறதே என்று பத்துப் பழம் உறிஞ்சினால் பல் கூசும், வயிற்றுப்புண் உள்ளவர்களுக்கு எரியும். குழந்தைகளுக்கு இரண்டு துண்டோடு நிறுத்துங்கள்.

கொட்டையை என்ன செய்வது

பழம் தின்ற கையோடு கொட்டையைக் கழுவி அன்றைக்கே விதையுங்கள். இந்த விதை காயக்கூடாது, காய்ந்தால் முளைப்பு போய்விடும். அதனால்தான் தபாலில் வரும் உலர்ந்த விதைப் பொட்டலத்தை வாங்க வேண்டாம் என்கிறேன். அலசிய நார்த்தூளில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் படுக்க வைத்து, மேலே பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து, நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் முளைக்கும், சில நேரம் அதற்கு மேலும் எடுக்கும். தோண்டிப் பார்க்காதீர்கள். முதல் நாளிலிருந்தே மழைநீர்தான்.

போன பருவத்தில் வந்த நாற்றுகளில் மூன்றை அக்கம்பக்கத்தில் கொடுத்தேன். ஒவ்வொரு நாற்றோடும் ஒரு பாட்டில் மழைநீரும் கொடுத்தேன். எதிர் வீட்டு அம்மா, இதை எங்கே வைப்பது என்று கேட்டார்கள். முதலில் உங்கள் ஏசி குழாய் எங்கே சொட்டுகிறது என்று பார்ப்போம் வாங்க என்று கூட்டிக்கொண்டு போனேன். படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே, கிழக்குப் பார்த்த சந்தில் சொட்டிக்கொண்டிருந்தது. அங்கேயே ஒரு வாளியை வைத்தோம், வாளிக்குப் பக்கத்தில் நாற்றை வைத்தோம்.